கோளாறில்லாத பக்கம்

பன்னிரண்டு சதவீதம். கொஞ்சம் முன்னால் பார்த்தபோதும் பன்னிரண்டுதான், பச்சைக் கோடு நகர்கிற மாதிரி பாவனை காட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது. மணி ஒன்பது பத்து. வெள்ளியங்கிரிக்கு ஒன்பதே முக்காலுக்கு முதுகில் ஊசி போடுவார்கள், பத்தேகாலுக்கு டாக்டர் நல்லசிவம் கத்தியை எடுப்பார், அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு ஸ்கேன் படங்களும் ஆஸ்பத்திரியின் பழைய சர்வரிலிருந்து இறங்கி என் மேஜைக்கு வந்தாகவேண்டும், வந்தால் அதில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக மூச்சு விடலாம், விடமுடியாமலும் போகலாம். மூன்று வாரத்துக்கு முன் எடுத்த படங்கள். அவற்றை வைத்துத்தான் அந்த மனிதருடைய இடுப்பெலும்பைக் கம்ப்யூட்டரில் கட்டினேன், நசுங்கிப்போன வலது மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கைக் கிண்ணம் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் உட்காரவேண்டும் என்று கணக்குப் போட்டேன், அந்தக் கணக்குப்படி நைலானில் ஓர் அச்சு செய்தேன். பல்செட் மாதிரி இருக்கும், அவருடைய எலும்பு விளிம்பில் மட்டும்தான் கச்சிதமாக உட்காரும். டாக்டர் அதைப் பொருத்தி, அதிலுள்ள துளை காட்டுகிற திசையில் கம்பியை இறக்குவார். துளை எங்கே காட்டுகிறதோ அங்கே. மறுபேச்சு கிடையாது. கிருமி நீக்கி, உறையில் போட்டு, நேற்றே மாடிக்கு அனுப்பியாயிற்று. இடம் அடைக்கிறது என்று மூலப் படங்களைச் சர்வருக்குத் தள்ளிவிட்டதும் நான்தான். பதிமூன்று. காலையில் தின்ற இரண்டு இட்லி நெஞ்சிலேயே நிற்கிறது.

எட்டே முக்காலுக்கு எதற்கு அந்த ஃபைலைத் திறந்தேன். சும்மாதான். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம் நான், ஆபரேஷன் நாளன்று காலையில் ஒரு தடவை திறந்து எலும்பை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்க்காவிட்டால் டீ இறங்காது. உருட்டினேன். பெல்ட் போடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுமே ஒரு முனை, அதில் இடது முனையில் ஒரு புடைப்பு. பேரீச்சங்கொட்டை அளவு இருக்கும். வலது முனையில் இல்லை. இருக்கட்டுமே, சின்ன வயதில் விழுந்து உடைந்து கோணலாகக் கூடியிருக்கும், எலும்பு என்றால் ஆயிரம் இருக்கும் என்று மூடப் போனேன், அப்போதுதான் திருமூர்த்தியின் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. திருமூர்த்தி என் வீட்டுக்காரர். காலையில் குழம்பு கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துபோய், சட்டையில்லாமல் லுங்கியோடு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார், குனிந்தவுடன் அரைஞாண் கயிறு மேலே ஏறியது, அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்து சரியாக அந்த முனையில் வந்து உட்கார்ந்தது. "என்ன பாத்துட்டு நிக்கற, ரெகுலேட்டர எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸிலும் தோன்றவில்லை, சிங்காநல்லூர் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றபோதும் தோன்றவில்லை. இந்தப் புடைப்பைப் பார்த்த பிறகு, அந்தத் தாயத்து என் கண்ணுக்குள்ளேயே தொங்குகிறது.

ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம். இருநூற்று இருபத்தாறுக்கு மேலே இருப்பதெல்லாம் எலும்பு என்று நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் என்றால் எல்லாம். வெள்ளி மூவாயிரத்தைத் தாண்டும், அதுவும் இருநூற்று இருபத்தாறுக்கு மேலேதானே, கம்ப்யூட்டர் அதையும் எலும்பில் சேர்த்துவிடும், பாவம், சொன்னதைச் செய்கிறது. இவ்வளவுக்கு மேலே போனால் எலும்பில்லை, நிறுத்து என்று ஒரு மேல் வரம்பு வைத்திருந்தால் தாயத்து தானாகக் கழன்று போயிருக்கும். நான் வைக்கவில்லை. கீழே மட்டும் கதவு போட்டுவிட்டு மொட்டைமாடியைத் திறந்து வைத்த கதை. அதோடு விட்டேனா, சின்னச் சின்ன இடைவெளிகளை அடைத்து வழவழப்பாக்கு என்று இன்னொரு உத்தரவு வேறு, ஒல்லியான ஆள், எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதையே இல்லை, தாயத்தும் எலும்பும் ஒட்டிக்கொண்டு ஒரே தந்த நிறத்தில் வந்திருக்கும். வலது பக்கமாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். வலது மூட்டில் நான் உட்கார்ந்தது இரண்டு பகல், ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஒவ்வொரு விளிம்பாகத் திருத்தி. இடது பக்கம் நல்ல பக்கம். நல்ல பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? கம்ப்யூட்டரே கட்டிக் கொடுத்தது, முனையில் ஒரு புள்ளி வைத்தேன், வலது முனையில் ஒரு புள்ளி, நடுவில் கீழே ஒரு புள்ளி, மூன்றையும் சேர்த்தால் ஒரு தளம், கிண்ணத்தின் சாய்வு முழுக்க அந்தத் தளத்திலிருந்து அளப்பதுதான். ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் நல்லது என்று நினைத்தே செய்திருப்பான், நோவு இருக்கிற மூட்டை மறைக்கக்கூடாதே என்று தாயத்தைக் கவனிக்காமலே கயிற்றை அந்தப் பக்கம் தள்ளியிருப்பான். எல்லாரும் நல்லதுதான் நினைத்திருக்கிறோம். பத்தொன்பது.

இருந்தால்தான் என்ன, நாலு டிகிரி. காகிதத்தில் ஏற்கனவே போட்டுப் பார்த்துவிட்டேன், புடைப்பு பதிமூன்று, பதினாலு மில்லிமீட்டர் என்று வைத்தால் மூன்றரை, நாலு டிகிரி திரும்பும். கையால் வைக்கிற டாக்டர்கள் பத்து டிகிரி வரைக்கும் தவறுவார்கள், நோயாளிகள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கையால் வைக்கிறவர் கண்ணால் பார்த்துக்கொண்டே வைப்பார், சந்தேகம் வந்தால் திருத்துவார். அச்சை வைத்தால் சந்தேகம் வராது, சந்தேகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதுவுமில்லாமல் வெள்ளியங்கிரிக்குக் கிண்ணம் உட்காருகிற எலும்புக்குழியின் முன்சுவர் தேய்ந்து போயிருக்கிறது, பிடிப்பு கிடைக்கவேண்டும் என்பதற்காக ஏற்கனவே ஓரத்துச் சாய்வில்தான் வைத்திருக்கிறோம், ஓரத்தில் நிற்கிறவனை நாலு டிகிரி தள்ளினால் என்ன ஆகும்? குனிந்தால் கழன்றுகொள்ளும். அந்த மனிதருக்குக் குனிவதுதான் பிழைப்பு. காங்கயம் பக்கம் கல்யாணச் சமையல்காரர், ஐம்பத்து நாலு வயது, கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. அண்டாவுக்கு முன்னால் குனிந்து சாம்பாரைக் கிண்டுகிறபோது உள்ளே டொக் என்று ஒரு சத்தம், கரண்டியோடு அப்படியே கொதிக்கிற அண்டாவுக்குள், சே, என்ன புத்தி இது. எனக்கு அவர் முகம் தெரியாது. எலும்பை அரை மில்லிமீட்டர் வரைக்கும் தெரியும், இடது தொடையெலும்பு எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியும், கறுப்பா சிவப்பா, மீசை உண்டா என்று தெரியாது. அண்டாவுக்குள் விழுகிற ஆளுக்கு என் மாமனார் முகம் வருகிறது. அவர் சமையல்கட்டுப் பக்கமே போகாதவர்.

இருபத்தாறு. வார்டுக்குப் போன் போட்டேன். மரகதம் சிஸ்டர் எடுத்தார், நல்லவேளை, அவரிடம் எதையும் கேட்கலாம். "சிஸ்டர், டிசைன் ரூம் பிரபாவதி பேசறேன். வெள்ளியங்கிரி இன்னும் அங்கதான் இருக்காரா?" "ஸ்ட்ரெச்சர் வந்துருச்சுங்க மேடம், ஏத்தப் போறோம். என்னாச்சுங்க?" "ஸ்கேன் எடுக்கறப்ப இடுப்புல ஏதாச்சும் கட்டியிருந்தாரான்னு கேக்கணும். அரைஞாண், தாயத்து, அந்த மாதிரி." சிஸ்டர் சிரித்தார். "அந்தக் கதைய ஏனுங்க கேக்கறீங்க. நேத்து சாயந்தரம் ப்ரிபரேஷன் பண்றப்ப கயிற அறுக்கறதுக்குள்ள ஒரு பாடு. உசுரு போனதுக்கப்பறந்தான் அறுப்பாங்க, இப்ப அறுக்கறீங்களேன்னு அழுதுட்டாருங்க. அவங்க வீட்டம்மா வந்து சமாதானம் சொல்லித்தான் விட்டாரு." "கயித்துல தாயத்து இருந்துச்சா?" "நேத்து வெறும் கயிறுதானுங்க. இருங்க, அவர்கிட்டயே கேக்கறேன்." போனைக் கையில் பிடித்தபடியே கேட்டார், ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுவதும் கேட்டது, பிறகு கொஞ்சம் கரகரத்த, பயந்த குரல், முதல் தடவையாக அவர் குரல்: "இல்லீங்கம்மிணி, தாயத்த அன்னைக்கே கழட்டி அவகிட்டக் குடுத்துட்டனுங்க. சத்தியமா. ஏனுங்க, ஆபரேசன் இல்லைங்கறாங்களா?" சிஸ்டர், "அதெல்லாம் இல்லீங்க, சும்மாதான் கேக்கறாங்க" என்று அவருக்கும், "இல்லையாமுங்க மேடம்" என்று எனக்கும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இல்லையாம். முடிந்தது. போய் டீ குடி பிரபாவதி. ஆனால் சத்தியம் எதற்கு? கேட்ட கேள்விக்கு இல்லை என்றால் போதுமே, சத்தியம் எதற்குச் செய்தார்? ஸ்கேன் அறையில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருப்பார்கள், கழற்றிவிட்டேன் என்று அவர் சொல்லியிருப்பார், சொன்ன சொல்லை இன்றைக்கு மாற்றினால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்களோ என்று பயம், எட்டு மாதமாக வலியில் தூங்காத ஆள். திருமூர்த்தியும் அப்படித்தான், சர்க்கரை ஏறியிருக்கிறதே, கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றீர்களா என்றால், "இல்ல, உன்மேல சத்தியமா" என்பார். சத்தியம் வந்தால் இரண்டு ஜாங்கிரி என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் இவர் திருமூர்த்தி இல்லையே, முன்பின் தெரியாத ஒருவரைப் பொய்யர் என்று எதை வைத்துச் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் தின்ற ஜாங்கிரியை வைத்தா? முப்பத்து நாலு. மணி ஒன்பது இருபத்தொன்பது. படம் இறங்கி முடிக்கப் பத்தைத் தாண்டிவிடும். டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றால் இப்போதே சொல்லவேண்டும், ஆனால் எதைச் சொல்ல? தவறு இருக்கிறது என்றா? தெரியாது. இல்லை என்றா? அதற்குக் கூப்பிடவே வேண்டாம். முதல் நாலு மாதம் நல்லசிவம் என் அறை வாசலில் நின்று, "என்னம்மா, உங்க கம்ப்யூட்டர் ஜாதகம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த அச்சை டிரேயிலேயே விட்டுவிட்டுக் கையால் வைப்பார். அப்புறம்தான் ஒரு நாள் எடுத்தார், சரியாக இருந்தது, பிறகு எடுத்துக்கொண்டேயிருந்தார். இப்போது போய், டாக்டர், என் வீட்டுக்காரர் இன்றைக்கு சிலிண்டர் மாற்றினார் என்று ஆரம்பித்தால் அந்த ஜாதகம் மறுபடியும் வாசலுக்கு வந்து நிற்கும். ஒன்றும் இல்லாமல் போய்விட்டால்? தியேட்டரை நிறுத்தி, மயக்க டாக்டரை நிறுத்தி, காலையிலிருந்து பட்டினி கிடக்கிற மனிதரைத் திருப்பி அனுப்பி, கடைசியில் அது எலும்புதான் என்றால், என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கழன்றால்கூட யாருக்கும் தெரியாது, சொன்ன பேச்சைக் கேட்காமல் குனிந்தார் என்று அவர் தலையில் போட்டுவிடுவார்கள், அவரும், ஆமாங்க, என் தப்புத்தானுங்க என்பார். அந்தக் கரகரத்த குரலில் அவர் அப்படிச் சொல்வது எனக்குக் கேட்டுவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். முப்பத்தொன்பது.

ஒன்பது முப்பத்தேழுக்கு டயல் பண்ணினேன், தியேட்டர் நர்ஸ் போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருக்கவேண்டும், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, கை கழுவ ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், பிரபாவதிங்க. இன்னைக்குக் கேஸ்ல ஒரு சந்தேகம் இருக்குங்க." "சொல்லுங்கம்மா." சொன்னேன். இடது முனை, தாயத்து, தளம், நாலு டிகிரி, எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் சிலிண்டரும் வந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. "தப்புன்னு தெரியுமா, தப்போன்னு தோணுதா?" "தோணுதுங்க டாக்டர்." "நோயாளி என்ன சொல்றாரு?" "தாயத்து இல்லைங்கறாருங்க." "அப்ப எதனால தோணுது?" சத்தியம் பண்ணினார் டாக்டர், அதனால் என்று எப்படிச் சொல்வது? "அவர் பயந்துட்டுச் சொல்ற மாதிரி இருக்குதுங்க" என்றேன். "எப்ப உறுதியாத் தெரியும்?" "பத்து மணிக்கு மேல ஆயிருங்க." யாரோ ஏதோ கேட்க, "இருங்க, ஊசி இப்பப் போட வேண்டாம்" என்று அவர் அந்தப் பக்கம் சொன்னது கேட்டது. பிறகு என்னிடம், "பத்தேகால் வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல வச்சா அடுத்த கேஸ் இடிக்கும். பாத்துச் சொல்லுங்க." வைத்துவிட்டார். கோபமா, சலிப்பா, ஒன்றும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஐம்பத்தெட்டு. எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினேன். அறுபத்தைந்து. மாடியில் ஒரு மனிதர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், கயிற்றை அறுத்ததால்தான் இப்படி என்று நினைப்பார், அவர் மனைவி வெளியே நாற்காலியில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டில் ஒன்றைக் கவனித்தேன், நான் வேண்டிக்கொண்டிருந்தேன். உதடு அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. மருதமலை முருகா, அது தாயத்தாக இருக்கட்டும். எலும்பாக இருக்கட்டும் என்று வேண்டவில்லை! அது எலும்பாக இருந்தால் அந்த மனிதருக்கு ஒரு குறையும் இல்லை, அரைமணி தாமதம், அவ்வளவுதான். தாயத்தாக இருந்தால் அச்சு வீண், அவருக்கு இன்னும் இரண்டு நாள் வலி, எல்லாம் மறுபடி. ஆனால் தாயத்தாக இருந்தால் நான் தப்பித்தேன், நான் உளறவில்லை என்று ஆகிவிடும். என்ன ஜென்மம் நான். வேண்டுதலை மாற்றிப் பார்த்தேன், எலும்பாக இருக்கட்டும் முருகா என்று வாய்விட்டே சொன்னேன், வாய் சொல்கிறது, வயிறு தாயத்து தாயத்து என்கிறது. எண்பத்தாறு. முருகனுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். தொண்ணூற்று மூன்றில் கோடு நின்றது, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், மௌஸைத் தொடக்கூடப் பயம், தொட்டால் அறுந்துவிடுமோ என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து எட்டுக்குத் திறந்தது. நூற்றுப் பதினெட்டாவது படம். தேடவே வேண்டியிருக்கவில்லை, இடது முனைக்கு மேலே, தோலுக்கு வெளியே, ஒரு வெள்ளை வெளிச்சம், மத்தாப்பு மாதிரி நாலாபுறமும் கீற்று அடித்துக்கொண்டு. எலும்பு அப்படி எரியாது. உலோகம். நடுவில் குழல், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே சுருட்டி வைத்த தகடுகூடத் தெரிந்தது. அளந்தேன், பதிமூன்று புள்ளி நாலு மில்லிமீட்டர். நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டிவிட்டேன், தனியாக, அறையில், பைத்தியம் மாதிரி. போனில் நான் சொல்லச் சொல்ல டாக்டர் "ம், ம்" என்றார், முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "நல்லவேளைம்மா. கிண்ணம் பின்சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும், நானும் அச்சை நம்பி அப்படியே அடிச்சிருப்பேன்" என்றார். "புது அச்சு எப்பத் தருவீங்க?" "நாளைக்கு சாயந்தரம் தந்துருவனுங்க." "அப்ப நாளன்னைக்கு வச்சுக்கலாம். வெள்ளியங்கிரிக்கு டிபன் குடுக்கச் சொல்றேன், பாவம். அவரைத் திட்டாதீங்கன்னு சிஸ்டர்கிட்டச் சொல்லுங்க. இன்னொருத்தரா இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்கம்மா." இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மூன்று தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இன்னொருத்தராக இருந்தால். இட்லி ஒருவழியாகக் கீழே இறங்கியது, பசிக்கக்கூட ஆரம்பித்தது, சாயங்காலம் திருமூர்த்தியிடம் உங்க அரைஞாண் கயிறு ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டது என்று சொன்னால் எப்படிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார் என்று நினைத்துச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே மேல் வரம்பைப் போட்டேன். இனிமேல் மறக்கக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கையால் போடவேண்டாம், எல்லாக் கேஸுக்கும் பொதுவாக வைத்திருக்கிற அமைப்பிலேயே போட்டுவிடலாம் என்று அதைத் திறந்தேன். எல்லாக் கேஸுக்கும் பொதுவான அமைப்பு. மேலே சின்ன எழுத்தில், கடைசியாகத் திருத்தியது போன வருஷம் ஜூன் என்று இருந்தது. நான்தான் திருத்தியிருக்கிறேன். ஜூனிலிருந்து இன்று வரைக்கும் இதே அமைப்பு, இதே மொட்டைமாடி. பக்கத்தில் பட்டியலைத் திறந்தேன், முப்பத்தொரு பேர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள். தாராபுரம், உடுமலை, அன்னூர், அவிநாசி. இடுப்பில் கயிறு இல்லாத ஆண்பிள்ளை இந்தப் பக்கம் யார்? ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நல்ல பக்கத்தை ஒரு தடவையாவது நான் பார்த்திருக்கிறேனா, ஞாபகமே இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை, இப்போதுதான் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இன்று ஒரு நாளாவது அதை வைத்துக்கொள்ளலாமே, நாளைக்குச் சொன்னால் போதாதா, முதலில் நானே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால். கையில் போன் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் உடனே எடுத்தார், குரலில் இன்னும் சந்தோஷம் இருந்தது, "சொல்லுங்கம்மா, அதுக்குள்ள அச்சு ரெடியா?" என்றார். "இல்லைங்க டாக்டர். இதுக்கு முன்னாடி முப்பத்தொரு பேருக்கு இதே மாதிரிதான் போட்டிருக்கேன். மேல் வரம்பு வைக்காம." நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. உட்கார்ந்தார் போலிருக்கிறது. "முதல் பேரைச் சொல்லுங்க" என்றார். பட்டியலை மேலே ஏற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.